நாளைய சொல்லைக் கேட்பவள்

பதில் சொல்லத் தெரிந்தவர்கள் காதைக் கொடுங்கள். தெரியாதவர்கள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். பாளையங்கோட்டையில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, பைண்டிங் போட்டுக் கொடுப்பது என் தொழில். இருபது வருடத்தில் நானாக விரும்பிப் படித்த ஆய்வேடு ஒன்றே ஒன்றுதான். அது எஸ்தர் பொன்மணி எழுதியது.

எஸ்தருக்குக் கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றால் உயிர். ராஜா பேசிய நீள வசனமெல்லாம் மறந்துபோகிறது, கல்லறையிலிருந்து எழுந்து வந்த ஆவி மட்டும் ஏன் மனசைவிட்டுப் போவதில்லை? இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆவிக்கு ஒரே ஒரு விந்தை இருக்க வேண்டும், மற்றபடி அது பக்கத்து வீட்டு அம்மாள் போல இருக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டும் என்பது அவள் கட்சி. விந்தையே இல்லாவிட்டாலும் மறந்துவிடுமாம். அளவுக்கு மீறினாலும் மறந்துவிடுமாம்.

சோதித்துப் பார்க்க அவளே கிரேக்கப் பாணியில் ஒரு சின்னக் கதை எழுதினாள். போரிலிருந்து திரும்பிய இளவரசன், இறந்துபோன தாயின் கல்லறையில் பாலும் தேனும் ஊற்றுகிறான். இதை மூன்று விதமாக முடித்தாள். முதல் கதையில் யாரும் எழுந்து வருவதில்லை. அவன் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகிறான். இரண்டாவதில் ராணி எழுந்து வருகிறாள். ஆனால் மகன் நாளைக்குச் சொல்லப்போவது மட்டும்தான் இன்று அவள் காதில் விழும். மூன்றாவதில் ராணிக்குப் பத்து விந்தைகள். இரும்பு உடம்பு, மேகம்தான் சாப்பாடு, அப்புறம் என்னென்னவோ! தட்டச்சு செய்த எனக்கே நினைவில்லை.

பீடி சுற்றும் ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மூன்று தெருக்கள், தெருவுக்குப் பத்துப் பெண்கள். மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகு, அதாவது முறம், இருக்கும், கை அதுபாட்டுக்கு இலையைச் சுருட்டும், காது சும்மாதானே கிடக்கும்? தெருவுக்கு ஒரு கதையாகச் சொல்லி முடித்து, "ஆறு மாசத்துக்கு இதை யாரிடமும் சொல்லக் கூடாது அக்கா" என்று கேட்டுக்கொண்டாள். முப்பது பேரும் சரி என்றார்கள். இரண்டாம் தெரு சுடலைவடிவு சுளகின் மேல் கை வைத்துச் சத்தியமே செய்தாள்.

ஆறு மாதம் கழித்துப் போனால், முப்பது பேரும் இரண்டாவது கதையின் ஆவியைச் சொல்கிறார்கள்! அதைக் கேட்டே இராத மற்ற இரண்டு தெருக்களும் சொல்கின்றன. இளவரசனைக் காணோம், போரைக் காணோம். ராணியோ பச்சைக் கண்டாங்கிச் சேலை கட்டி, கன்னத்தில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு வருகிறாள்.

"கிரேக்க ராணி வெற்றிலை போடுவாளா அக்கா?"

"போடாம? ஊருக்கே தெரியுமே டீச்சர்."

அந்த வெற்றிலையை விசாரித்துக்கொண்டே போன எஸ்தர், பேச்சித்தாய் வீட்டில் போய் நின்றாள். சுவரில் பேச்சித்தாயின் அம்மா, மாலை போட்ட படம். பச்சைக் கண்டாங்கி, உப்பிய கன்னம். பேச்சித்தாய் சுடலைவடிவின் பக்கத்து வீட்டுக்காரி. கதை கேட்டவர்களில் அவள் இல்லை.

நடந்தது இதுதான். பேச்சித்தாய் ஏதோ கோபத்தில் பெற்ற தாயோடு இரண்டு வருடம் பேசவில்லை. பேசிவிடலாம் என்று மனசு இளகுவதற்குள் தாய் போய்ச் சேர்ந்தாள். "ஆத்தா, எனக்குக் கோவமில்ல" என்ற வார்த்தை சொல்லாமலே போய்விட்டது. சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் தண்ணீரும் வேண்டாம் என்றாள். சுடலைவடிவு கெஞ்சினாள், திட்டினாள், காலைப் பிடித்தும் பார்த்தாள். ஒன்றும் நடக்காமல் கடைசியில் அதைச் சொன்னாள்.

"ஏட்டி, நம்ம நாளைக்குச் சொல்லப்போறதுதான் செத்தவங்களுக்கு இன்னைக்குக் காதுல விழுமாம். நீ நாளைக்குச் சொல்லு. ஒங்க ஆத்தா இப்பமே கேட்டுக்கிட்டு இருக்கா."

பேச்சித்தாய் வெகுநேரம் அழுதாள். பிறகு கஞ்சி குடித்தாள். மறுநாள் சொல்ல வேண்டுமே, அதற்குத் தெம்பு வேண்டாமா? மறுநாள் சொன்னாள். சொல்லி முடித்தால், அதற்கடுத்த நாளைக்கு இன்னொன்று பாக்கி இருந்தது. அப்படியே பிழைத்துக்கொண்டாள். சுற்றிய பீடியைக் கொடுக்க வரிசையில் நிற்கும்போது மற்றத் தெருப் பெண்களிடமும் ஆத்தாளைப் பற்றிச் சொன்னாள். அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே!

சுடலைவடிவு எதையும் மறைக்கவில்லை. "சத்தியத்த மீறினது தப்புதான் டீச்சர். ஆனா மறுபடி இப்படி நடந்தா, மறுபடியும் சொல்லுவேன்."

எஸ்தருக்கு ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு மாதம்தான் பாக்கி. தவறினால் ஆறு வருட உழைப்பும் போச்சு. மூன்று கதைகளையும் எல்லாருக்கும் சொன்னதாக எழுதி, வெற்றிலையை அடித்துவிட்டால் முப்பதுக்கு முப்பது, அவள் கட்சி ஜெயித்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது? நெறியாளர் பேராசிரியர் வேலாயுதம் நல்ல மனுஷர், ஆனால் கறார். "கெட்டுப்போன சோதனை அம்மா இது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஊரில் ஆரம்பி" என்றார். எஸ்தர் என் கடையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோதனை தோற்றது என்றும், இன்ன விதமாகத் தோற்றது என்றும், ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிட்டு, வெற்றிலை உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். தேர்வாளர்கள் தள்ளிவிட்டால் தள்ளிவிட்டதுதான்.

இப்போது சொல்லுங்கள். வாக்கை மீறிய சுடலைவடிவு, சோதனையைத் தூக்கிப் போடச் சொன்ன பேராசிரியர், தோல்வியைத் தோல்வி என்றே எழுதிய எஸ்தர்: இந்த மூவரில் யார் செய்தது மிகவும் சரி?

என் விடை: பேராசிரியர் சொன்னது படிப்புக்குச் சரி. எஸ்தர் செய்தது நேர்மைக்குச் சரி. ஆனால் என் ஓட்டு சுடலைவடிவுக்குத்தான். இளவரசன், ராணி, போர் எதையும் சொல்லாமல் விந்தையை மட்டும்தானே சொன்னாள், அது எப்படி வாக்கு மீறியதாகும் என்று சிலர் வாதாடலாம். அந்தச் சாக்கை அவளே சொல்லவில்லை, நாம் ஏன் சொல்ல வேண்டும்? தப்பென்று தெரிந்தே செய்தாள், செய்ததை ஒப்புக்கொண்டாள். அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் எஸ்தருக்குக் குறையில்லாத ஆய்வேடு கிடைத்திருக்கும். பேச்சித்தாய் வீட்டுச் சுவரில் இன்னொரு படம் ஏறியிருக்கும். எஸ்தருக்கும் அது தெரியும். வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் அவள் ஆய்வேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டு என் கடையில் நின்றபோது, பேச்சித்தாய் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நீங்க பேசப்போறத எங்க ஆத்தா இன்னைக்கே கேட்டுட்டா டீச்சர். ரொம்ப நல்லாச் சொன்னியளாம்."