முதல் மிடறு

ராஜாக்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிற்பாடு, ராஜா மாதிரி ஒரு முதலாளி ஒரு ஊரில் இருந்தாராம். பேர் நாச்சிமுத்து. மசாலாப் பொடி மில் வைத்திருந்தார்.

மனசு ஓய்ந்துபோகிற நாளில் ஓடைக்கரை மடத்துக்குப் போவார். அங்கே செல்லாத்தா அம்மா என்று ஒருவர். வயதில் இவரைவிடச் சின்னவர்தான். வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். கேட்டதற்குப் பதில் சொல்வார், சில நாள் அதுவும் சொல்ல மாட்டார். நாச்சிமுத்து அந்த அம்மாவைத்தான் குரு என்று கும்பிட்டு வந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"அம்மா, என் மில்லுல அத்தனை பேரும் கோழைங்க. கோழைங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அம்மா முக்காட்டைக் காதோடு இழுத்து மூடிக்கொண்டார்.

"உட்காருங்க. என்னாச்சு?"

ஆனது இதுதான். மில்லில் ஒரு வழக்கம். அன்றன்று அரைத்த பொடியில் காலையில் ரசம் வைப்பார்கள். ஆளுக்கொரு தம்ளர். முதல் மிடறு முதலாளிக்கு. அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அவருடைய அப்பா காலத்திலிருந்து வருகிற மரியாதை அது.

போன வாரம் வந்த கொத்தமல்லியில் பூசணம். நாச்சிமுத்துவுக்கோ நல்ல சளி. குடித்தார். "நல்லாருக்குது" என்றார். எல்லாரும் குடித்தார்கள். எல்லாரும் "நல்லாருக்குதுங்க" என்றார்கள்.

லாரியில் போன பொடி அத்தனையும் லாரியிலேயே திரும்பி வந்தது.

"எனக்குத்தான் சளி. அவங்களுக்கு என்ன வந்துச்சு? வெயில் கொளுத்தும்போது மழைன்னு சொன்னாக்கூட, குடையை விரிச்சுக்கிட்டு நிக்கிறாங்கம்மா. அலுத்துப்போச்சு."

"யாருமே எதுவும் சொன்னதில்லையா?"

"ஒரு தடவை, ரொம்ப வருஷம் முன்னாடி. கலவை மேஸ்திரி பொங்கியண்ணன். வெந்தயம் கருகிருச்சுன்னு சொன்னாப்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன, உன் நாக்குல புண்ணான்னு கேட்டேன். சும்மா விளையாட்டுக்கு."

"அப்புறம்?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"மேஸ்திரி?"

நாச்சிமுத்து யோசித்தார்.

"அவரும் சிரிச்சாருன்னுதான் நினைக்கிறேன்."

அம்மா கஞ்சிப் பானையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அவரைத்தான் இன்னைக்கு வேலையை விட்டு நிறுத்தப் போறேன். ருசி பாக்கறதுக்கு மேஸ்திரி, அவரே வாயை மூடிக்கிட்டா எப்படி? பழத்தட்டைத் தூக்கிட்டு என்கூடத்தான் வந்தாரு. வாசல்ல நிக்கிறாரு. இன்னும் சொல்லலை. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"முதல்ல கஞ்சி குடிங்க."

அம்மா பானையிலிருந்து இரண்டு தம்ளரில் ஊற்றினார். ஒன்றைத் தான் எடுத்துக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்குக் கஞ்சி நல்லா அமைஞ்சிருக்குது."

நாச்சிமுத்து குடித்தார். கரிந்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. உப்பு என்பது பேருக்குக்கூட இல்லை.

"ஆமாங்கம்மா. ரொம்ப நல்லாருக்குது."

அம்மா முக்காட்டை விலக்கினார். மூக்கு சிவந்து கிடந்தது.

"எனக்கு நேத்திருந்து ஜலதோஷங்க. ஒரு ருசியும் தெரியலை."

நாச்சிமுத்து தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் முட்டியில் கையூன்றி எழுந்தார். பானையிலிருந்து இன்னொரு தம்ளர் கஞ்சியைத் தானே ஊற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

பொங்கியண்ணன் புளியமரத்தடியில் நின்றிருந்தார். முதலாளியைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"இந்தா, கஞ்சி. குடிச்சுப் பாரு."

"நீங்க குடிச்சீங்களா முதலாளி?"

"குடிச்சேன்."

"எப்படிங்க இருக்குது?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. நாச்சிமுத்து விழுங்கிக்கொண்டார்.

பொங்கியண்ணன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். உதட்டோரத்தைப் பார்த்தார். விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவன் பார்வை அது.

தினமும் காலையில் நாச்சிமுத்து கண்ட பார்வைதான். மரியாதை என்று நினைத்திருந்தார்.

அவர் மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இப்பக் குடி."

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம், தொண்டையில் ஒரு மிடறு இறங்கியது கேட்டது.



"அடிப்புடிச்சிருக்குதுங்க" என்றது குரல். காற்று கொஞ்சம் அடித்திருந்தால் காதில் விழுந்திருக்காது. "உப்பும் இல்லீங்க."

நாச்சிமுத்துவுக்கு உதடு தன்னால் விரியப் பார்த்தது. கையால் பொத்திக்கொண்டார்.

"முதலாளி... தப்பாச் சொல்லிப்போட்டேனுங்களா?"

"நாளைக்கு நேரமே வந்துரு. ரசம் வெக்கோணும்."

"சரிங்க."

"கெளம்பு."

பொங்கியண்ணன் நகரவில்லை. முதலாளி முன்னால் போகட்டும் என்று எப்போதும் போல ஒதுங்கி நின்றார். நாச்சிமுத்துவும் நகரவில்லை. மடத்தைப் பார்த்தபடியே நின்றார்.

கடைசியில் பொங்கியண்ணன்தான் ஓர் அடி எடுத்து வைத்தார். நின்றார். இன்னோர் அடி வைத்தார். பிறகு பாதையோடு நடந்தார்.

அவர் தலை ஓடை மேட்டில் மறைந்த பிறகு, நாச்சிமுத்து திரும்பி, அவர் போன வழியே பின்னால் நடந்து போனார்.