செம்பாயி கதவைப் பிடுங்கிய கதை

அந்தக் காலத்தில், கல்லும் மண்ணும் வாய் திறந்து பேசியபோது, ஒரு மலையின் அடிவயிற்றில் செம்புத் துகள்கள் வரிசையாக வீடு கட்டிக் குடியிருந்தன. வீடு நிறையப் பிள்ளைகள். மற்ற பிள்ளைகள் அடங்கிக் கிடக்கும். கடைக்குட்டிக்கு மட்டும் வீட்டில் கால் தங்காது.

அந்தக் குடிக்குத் தலைவி செம்பாயி. அவள் கண் விழிப்பதற்குள் குடியில் ஒருவனான தாம்பரன் வாசலில் வந்து நிற்பான்.

"என் கடைக்குட்டியை எதிர்வீட்டுக்காரி பிடிச்சு வச்சிருக்கா, ஆயி."

"அது உன்னோடதுன்னு எப்படித் தெரியும்? எல்லாக் கடைக்குட்டியும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"பெத்தவனுக்குத் தெரியாதா?"

அவன் போனால் எதிர்வீட்டுக்காரி வருவாள். தீர்த்து வைத்த வழக்கே திரும்பி வரும். செம்பாயிக்குத் தலை வலித்தது. பக்கத்துப் பாறையில் உப்புக் குடி; அங்கே ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள் அடுத்தடுத்து வராதபடி மாற்றி மாற்றி வரிசை கட்டியிருந்தார்கள். அதன் தலைவன் உவரப்பன், "எங்க வீட்டுப் பிள்ளைகள் வச்ச இடத்தில் இருக்கும்" என்று வேறு குத்திக்காட்டுவான்.

ஒருநாள் சண்டை முற்றியது. அவரவர் கதவை அடைத்துக்கொண்டு, வீட்டையே பெயர்த்துத் தூரமாகக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்கள். மேலே மலை முறுமுறுத்தது. பெரும்பாறை ஒன்று நழுவிக்கொண்டிருந்தது. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

செம்பாயிக்குப் பொறுமை போய்விட்டது. முதலில் தன் வீட்டுக் கதவைப் பிடுங்கி எறிந்தாள். அவளுடைய கடைக்குட்டி திரும்பிப் பார்க்காமல் ஓடியது. அவளும் நிற்காமல் வீடு வீடாகப் போய் எல்லாக் கதவையும் பிடுங்கினாள்.

"இனிமேல் எந்தக் கடைக்குட்டியும் யாருக்கும் சொந்தமில்லை. எல்லாருக்கும் பொது. என்கிட்ட யாரும் வராதீங்க."

அப்போது பாறை விழுந்தது. உப்புக் குடியின் வரிசை ஓரடி நகர்ந்தது. ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள் நேருக்கு நேர் வந்துவிட, ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு சிதறிப்போனார்கள். செம்பு வீடுகளும் சறுக்கின. ஆனால் எந்த வீடு எதன் பக்கம் போனாலும், கடைக்குட்டிகள் நடுவில் ஓடி இரண்டையும் இழுத்துப் பிடித்தன. குடி தட்டையானது; ஒருவர்கூடப் பிரியவில்லை.

புழுதி அடங்கியதும் தாம்பரன் வந்தான். "வீடு கோணிப்போச்சு, ஆயி."

"கோணினால் என்ன, உடையலையே. போய்ப் படு."

செம்பை அடித்தால் நொறுங்காமல் தகடாவதும், ஒரு முனையில் பட்ட சூட்டையும் மின்சாரத்தையும் கடைக்குட்டிகள் மறுமுனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், உப்புக்கல் மட்டும் தட்டினால் பொடியாவதும் அன்று முதல்தான். அந்தக் கடைக்குட்டிகள் இன்னும் வீடு திரும்பவில்லை.