யார் வீடென்று தெரியாத வீடுகள்

அந்தக் காலத்தில் நெடுவயல் நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். என்ன, காலையில் சொன்ன சொல் மத்தியானச் சாப்பாடு வரை தாங்காது. ஆற்று வெள்ளம் குயவர் குடிசைகளை அடித்துக்கொண்டு போனபோது கண் கலங்கி, மேட்டு நிலத்தை அவர்களுக்கே கொடுத்தார். கண்ணீர் காய்வதற்குள், அந்த மேட்டில் குதிரை ஓட்டினால் எவ்வளவு சுகமாயிருக்கும் என்று தோன்றிவிட்டது.

தோன்ற வைத்தவர் விடங்கர், அரண்மனைக் கட்டட வேலைகளுக்கெல்லாம் தலைவர். மந்திரி சேந்தனாரைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல். சேந்தனார் சொன்னபடி கூலியில்லாமல் ஊர் கூடிக் குயவர்களுக்கு வீடு கட்டினால் அவனவன் தன் வீட்டை ஒழுங்காகக் கட்டுவான், அடுத்தவன் வீட்டை ஏனோதானோவென்று விட்டுவிடுவான் என்று காதில் ஓதினார். மழைக்கு முன் உறுதியான வீடுகள் எழும்பாவிட்டால் மேடு குதிரைகளுக்கே என்று ராஜா சொல்லிவிட்டார்.

சேந்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. நேரே மேட்டுக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். குயவர்கள் மண் மிதிக்க, நெசவுத் தெருக்காரர்கள் தண்ணீர் சுமக்க, செக்கு ஓட்டுகிறவர்கள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து கல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். காவல் முடிந்த அரண்மனைச் சேவகர்கள்கூடத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஓலை முடைந்தார்கள். எப்பேர்ப்பட்ட ஜனங்கள் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

சுவர் பூசிக்கொண்டிருந்த குயவப் பெண் காத்தாயியிடம், இதுதான் உன் வீடா என்று கேட்டார். தெரியாது என்றாள். எல்லா வீடும் முடிந்த பிறகுதான் பானையில் சீட்டுப் போட்டு எடுப்பார்களாம். அதுவரை எது யாருடையது என்று யாருக்கும் தெரியாதாம். சேந்தனார் சிரித்துக்கொண்டே அரண்மனைக்குத் திரும்பினார்.

மறுநாள் சபையில், விடங்கரும் அதே வரிசையில் ஒரு வீடு கட்டிக் காட்டினால் ஜனங்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்களே என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். விடங்கருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஏழை வீட்டுக்கு அஸ்திவாரம் எதற்கு என்று ஆற்று மணலைக் குழைத்தே சுவர் எழுப்பி, மேலே சுண்ணாம்பைப் பளபளவென்று பூசிவிட்டார்.

எல்லா வீடும் முடிந்ததும் பார்க்க வந்த ராஜா, வரிசையின் கடைசியில் இருந்த அந்த வீட்டின் முன்னால்தான் சொக்கி நின்றார். "இதுவல்லவோ வீடு! மற்றதெல்லாம் வெறும் மண்ணாக இருக்கிறதே, மந்திரியாரே?"

"உண்மைதான் மகாராஜா. இனிமேல்தான் சீட்டு எடுக்கப்போகிறார்கள். குயவர்களோடு, இந்த வரிசையில் ஒரு வீட்டைப் பொறுப்பேற்றுக் கட்டியவரும் எடுக்க வேண்டும், சீட்டில் வருகிற வீட்டில் இந்த மழைக்காலம் குடும்பத்தோடு இருக்க வேண்டும். விடங்கரும் கட்டியவர்தானே?"

விடங்கருக்கு முகம் வெளுத்தது. பானை அருகில் வந்ததும் மெல்லக் கேட்டார்: "அந்தக் கடைசி வீட்டின் சீட்டை மட்டும் பானையிலிருந்து நீக்கிவிடலாமா?"

"அது நீர் கட்டியதாயிற்றே," என்றார் ராஜா.

"நான் இருப்பதற்காகக் கட்டவில்லை, மகாராஜா."

ராஜா கிட்டே போய்க் கைத்தடியால் அந்த வீட்டின் சுவரைக் குத்தினார். மணல் பொலபொலவென்று கொட்டியது. பிறகு காத்தாயி பூசிய சுவரைக் குத்தினார். தடிதான் முறிந்தது.

"உனக்கென்று இல்லாத வீட்டை எதற்கம்மா இப்படிக் கட்டினாய்?" என்று அவளிடம் கேட்டார்.

"எது எனக்குன்னு தெரியாதுங்களே சாமி. அதான் எல்லாத்தையும் எனக்குன்னே நெனச்சுக் கட்டினேன்."

ராஜா வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். மேடு இனி என்றென்றைக்கும் அவர்களுக்கே என்று கல்லில் வெட்டச் சொன்னார். தன் சால்வையைச் சேந்தனாருக்குப் போர்த்தினார். விடங்கரை அந்த மணல் வீட்டிலேயே கிடக்கச் சொல்லப்போனவரைக் காத்தாயி தடுத்தாள்.

"வேண்டாங்க. அதுவும் எங்க தெரு வீடுதான். இடிச்சுக் கட்டிடுவோம். அவரும் வந்து மண்ணு மிதிக்கட்டும்."

மறுநாள் விடங்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கொஞ்ச நேரம் மிதித்துவிட்டு நிமிர்ந்து, இந்த வீடு யாருக்கு என்று கேட்டார்.

"இன்னும் சீட்டு எடுக்கலையே," என்றாள் காத்தாயி.

விடங்கர் மறுபடி குனிந்து, ஓங்கி ஓங்கி மிதிக்க ஆரம்பித்தார்.