சேர்மனின் நாற்பது ‘ஷன்’

நகரசபை சேர்மன் வேதமுத்துவுக்கு ‘ஷன்’ என்று முடிகிற நீளமான இங்கிலீஷ் வார்த்தை என்றால் உயிர். கலெக்டர் துரைக்கான வரவேற்புப் பத்திரத்தில், அகராதியைப் பார்த்து அப்படி நாற்பது வார்த்தைகளை அடுக்கிவிட்டார்.

அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற இருளப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். “எஜமான், இருபதாவது வார்த்தையிலேயே பெட்டியில இருந்த இங்கிலீஷ் அச்செழுத்து தீர்ந்துபோச்சுங்க.”

“ஒரு வார்த்தை குறைஞ்சாலும் உன் வேலை போச்சு!” என்று கூடியிருந்த நகரசபை மெம்பர்கள் முன்னால் கத்தினார் சேர்மன்.

“குறைக்கலைங்க. தமிழ் எழுத்து பெட்டி நிறைய இருக்கு. மிச்சத்துக்கு அர்த்தத்தைத் தமிழ்ல கோத்துடறேன். எஜமான் சொன்னாப் போதும். முதல்ல இந்த ‘ப்ரோக்ராஸ்டினேஷன்’.”

சேர்மன் கனைத்தார். “அது... துரையோட பெருந்தன்மை!”

மெம்பராக இருந்த பள்ளிக்கூட வாத்தியார் பதறிவிட்டார். “ஐயோ, வேலையைத் தள்ளிப்போடறதுன்னு அர்த்தங்க!”

சேர்மன் பேனாவை எடுத்து நாற்பதையும் அடித்தார். மிஞ்சியது ‘வெல்கம்’ ஒன்றுதான்.

“மீதி இடத்துக்குங்க?”

“எதையாவது போட்டுத் தொலை!”

கெட்டிக்காரன் இருளப்பன், அதையும் உத்தரவாகவே எடுத்துக்கொண்டான். மறுநாள் துரை பத்திரத்தை விரித்தார். ‘வெல்கம்’முக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரே வரி: “எங்கள் தண்ணீர்க் குழாயைச் சேர்மன் ஐந்து வருஷமாக ப்ரோக்ராஸ்டினேஷன் செய்கிறார்.”

தமிழ் படித்த துரை, கடைசி வார்த்தைகளில் விரலை வைத்து, “இதற்கு என்ன அர்த்தம்?” என்றார்.

இந்தத் தடவை சேர்மனுக்கு அர்த்தம் தெரிந்திருந்தது.