மூன்று குடம் மஞ்சள் நீர்

கேட்க உட்கார்ந்தவர்களே, கோட்டைக்கு ஒரே ஒரு வாசல் போதுமென்றிருந்த காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர். தன் நாட்டில் யார் புதிதாகத் தொழில் தொடங்கினாலும் அவருக்கு மனம் நிறைந்துவிடும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். உள்நாட்டில் செய்த சரக்கு எது வாசலுக்கு வந்தாலும் அதன்மேல் மஞ்சள் நீர் தெளித்து வாழ்த்த வேண்டும்.

துணி வந்தது, தெளித்தார்கள். பானை வந்தது, தெளித்தார்கள். வெல்லம் வந்தது, தெளித்தார்கள். வெல்லக்காரர் முகத்தைச் சுளித்தார், வாய் திறக்கவில்லை.

கழிமுகத்து ஊரொன்றில் செம்பாயி என்ற பெண் இருந்தாள். அதுவரை நாட்டின் சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு தூரதேசத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. தன் ஊர்க் கரையில் சிப்பி குவியல் குவியலாகக் கிடப்பதை அவள் பார்த்தாள். சூளை கட்டினாள். சிப்பியும் கரியுமாக மாற்றி மாற்றி அடுக்கிச் சுட்டாள். பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்பவிருந்த பதினோரு குடும்பங்கள் சிப்பி பொறுக்க நின்றுவிட்டன.

சுட்ட சிப்பிதான் சுண்ணாம்பு. அதற்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் பட்டால் கொதிக்கும், வெடிக்கும், மாவாகிவிடும். அது கொத்தனாரின் குழியில் நடக்க வேண்டும். வழியில் நடந்தால் சரக்கு பாழ்.

முதல் வண்டியோடு செம்பாயி வாசலுக்கு வந்தாள். வாசல் அதிகாரி செம்பை எடுத்தார்.

“ஐயா, இதுல தண்ணி படக் கூடாது.”

“ஊருக்கெல்லாம் ராஜா வாழ்த்து வேணும், உனக்கு மட்டும் வேண்டாமோ? பெரிய மகாராணி!”

தெளித்தார். மேல்கூடைகள் சீறிப் புகைந்தன. அதிகாரி அரண்மனைக்கு ஓலை எழுதினார்: ‘சுண்ணாம்பு வண்டிக்கு யாரோ கண் வைத்திருக்கிறார்கள். வாழ்த்து போதவில்லை.’

ராஜா வருந்தினார். அடுத்த வண்டிக்கு மூன்று குடம் ஊற்றச் சொன்னார்.

இரண்டாம் வண்டி வந்தது. செம்பாயி குறுக்கே நின்று கெஞ்சினாள். ராஜா உத்தரவு என்று சொல்லி ஊற்றினார்கள். ஒரு கூடைகூட மிஞ்சவில்லை. மாடுகளை அவசரமாக அவிழ்த்துவிட்டதால் அவை பிழைத்தன.

ஊரில் எல்லோரும் சூளையைச் சுற்றி நின்றார்கள்.

“இன்னும் ஒரு சூளைக்குத்தான் கரி இருக்கு,” என்றாள் சிப்பி பொறுக்கும் பேச்சி. “அதுவும் போச்சுன்னா நாங்க மூட்டை கட்ட வேண்டியதுதான், அக்கா. உன்மேல கோபமில்ல.”

செம்பாயி சூளைக்குத் தீ வைத்தாள்.

மூன்றாம் வண்டி வந்தபோது வாசலில் மேளம் முழங்கியது. தங்கக் குடத்துடன் ராஜாவே நின்றிருந்தார்.

“அம்மா, உனக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டேன். இந்த முறை என் கையால் வாழ்த்துகிறேன்.”

செம்பாயி ஒரே ஒரு சிப்பியை மண் தட்டில் வைத்துத் தரையில் இறக்கினாள். “மகாராஜா, முதலில் இதை மட்டும் வாழ்த்துங்கள்.”

அவர் ஊற்றினார். சிப்பி முனகியது, பிளந்தது, கொதித்துத் தெறித்தது. ராஜா ஓரடி பின்வாங்கினார். அதிகாரி பத்தடி.

“இது யார் வைத்த கண்?” என்று கேட்டார் ராஜா.

“கண் இல்லை மகாராஜா. தண்ணீர்.”

மேளம் நின்றுவிட்டது.

“இதை ஏன் முன்பே சொல்லவில்லை?”

“இரண்டு முறையும் சொன்னேன். கேட்க ஆள் இல்லை.”

ராஜா குடத்தைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கொஞ்ச நேரம் அவருக்கே தெரியவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்:

“உனக்கு என்னதான் செய்ய வேண்டும்?”

“வண்டிகள் வரிசையில் காத்து நிற்கிற இடத்துக்கு ஒரு கூரை போடுங்கள். மழைக்காலம் வருகிறது.”

“அவ்வளவுதானா? பட்டம், பல்லக்கு?”

“அவ்வளவுதான். சுண்ணாம்பை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.”

மூன்றாம் வண்டி நனையாமல் உள்ளே போனது. முதல் மழைக்கு முன் கூரை எழுந்தது. அந்த ஆண்டு கழிமுகத்து ஊரிலிருந்து யாரும் மூட்டை கட்டவில்லை.

கேட்டவர்களே, தொழில் செய்பவருக்குத் துணை நிற்க நினைக்கும் அரசு, என்ன வேண்டும் என்று முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.