வன வித்தகர் பட்டம் வாங்கிய கிடா

முன்னொரு காலத்தில், மழை வழி தவறினால் மட்டுமே வந்து போகும் கரடுமங்கலத்தை வீரகேதன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டவன் அவனுக்கு அறிவைக் குறையில்லாமல்தான் கொடுத்திருந்தார். அதைச் செலவழிக்கத்தான் அவனுக்கு மனசு வராது.

ஒரு கோடையில் புல்லெல்லாம் பொசுங்கிவிட்டது. அரண்மனைப் பசுக்கள் எலும்பும் தோலுமாக நின்றன. ஆடு மேய்க்கும் நாச்சக்காளின் வெள்ளாடுகளோ, வெள்வேல மரத்தில் காய்த்து உலர்ந்த நெற்றுகளைத் தின்று கொழுத்துத் திரிந்தன.

"நம் தரிசு முழுக்க அந்த மரம் வேண்டும்" என்றான் ராஜா.

சபைப் பண்டிதர் சிங்காரநம்பி எழுந்தார். "நான் வளர்க்கிறேன் பிரபு. வன வித்தகர் என்று ஒரு பட்டம் மட்டும் போதும்."

"பண்டிதருக்கு எதுக்குங்க சிரமம்? நானே வளத்துத் தாரேன் ராசா. என் ஆடுக அங்க மேஞ்சுக்க விட்டாப் போதும்" என்றாள் நாச்சக்காள்.

"ஆட்டுக்காரியா மரம் வளர்ப்பது?" என்று சிரித்தார் நம்பி.

ராஜா தரிசை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தான். "கார்த்திகையில் வந்து பார்ப்பேன். நீ தோற்றால் ஆடுகளோடு நாட்டை விட்டே போய்விட வேண்டும்."

"அவரு தோத்தா?"

"பண்டிதர் எதற்குத் தோற்கிறார்?" என்றான் ராஜா. நியாயம் அவ்வளவுதான்.

நம்பி நல்ல நேரம் பார்த்து, விதைகளைப் பாலில் கழுவி, முழ ஆழத்தில் புதைத்து, நாற்பது பேரை வைத்துத் தண்ணீர் ஊற்றினார். நாச்சக்காள் ஆடுகளுக்கு நெற்றைப் போட்டு, இரவெல்லாம் தன் பங்கு நிலத்திலேயே அடைத்துக் கிடை மறித்தாள். அவ்வளவுதான்.

கார்த்திகை வந்தது. நம்பியின் பாதி, மெழுகிய தரைபோல் சுத்தமாக இருந்தது. நாச்சக்காளின் பாதியில் கணுக்கால் உயரத்துக்குக் கன்றுகள்.

"மோசடி பிரபு. இவள் ஒரு விதைகூட ஊன்றவில்லை."

"ஆமாங்க ராசா, நான் ஊனல. அந்த விதைத் தோலு கல்லாட்டம். ஆட்டு வயித்துல ஊறி வந்தாத்தான் இளகும். வெதச்சதும் அதுக, எருப் போட்டதும் அதுக."

"அப்படியென்றால் பட்டம்?" என்று கேட்டான் ராஜா.

"உழைச்சவங்களுக்கே குடுங்க."

ராஜா சிரித்தான். மேய்ச்சலை அவளுக்கே கொடுத்தான். பட்டத்துச் சால்வையை மந்தையின் மூத்த கிடாவுக்குப் போர்த்தினான்.

"நான், பிரபு?" என்றார் நம்பி மெல்ல.

"கன்று மரமாகும்வரை காவல் வேண்டாமா? வன வித்தகரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு போய் நில்லுங்கள்."

நம்பி கும்பிட்டார். வன வித்தகர் சால்வையின் ஓரத்தை மென்றபடியே தலையாட்டினார்.