வேப்பமரத்து ஆணி

"அம்மா, என் வகுப்பை மூடிடுங்க," என்றார் ஆவுடையப்பன்.

மங்கையர்க்கரசி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏன் ஆவுடையப்பன்?"

"வந்தப்போ எல்லாரும் சரியாச் சொன்னாங்க. போகும்போது எல்லாரும் தப்பாச் சொல்றாங்க. நடுவுல ஒரு வருஷம் பாடம் நடத்தினது நான்."

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கல்லூரி அம்மா உண்டாக்கியது. அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு வகுப்புக்கும் சேரும் நாளில் ஒரே ஒரு கேள்வி. படிப்பு முடியும் நாளில் மறுபடி அதே கேள்வி. இடையில் அதைப் பற்றி மாணவர்கள் தங்கள் ஆசிரியரிடம் வாயே திறக்கக் கூடாது.

முதல் நாளைவிடக் கடைசி நாளில் சரியான விடைகள் கூடியிருந்தால், அந்த வகுப்பின் ஆசிரியர் முற்றத்து வெண்கல மணியை அடிப்பார். குறைந்திருந்தால் வகுப்பை மூடிவிட்டு அவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கேள்வியும் அம்மாவுடையது. விடையும் அம்மாவுடையது.

ஆவுடையப்பன் அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். டவுனில் ஒரு பெரிய கல்லூரியில் ஒரே நோட்ஸை வருஷா வருஷம் வாசித்துத் தொண்டை வறண்டவர். ஒருநாள் அம்மாவின் பேச்சைக் கேட்டார். மறுவாரமே வேலையை உதறிவிட்டு வந்து, "என்னைச் சீடனா வச்சுக்கோங்க," என்று நின்றார்.

"கத்துக்கணும்னா கத்துக்கொடுங்க," என்றார் அம்மா.

அளவை வகுப்பு அவருக்குக் கிடைத்தது. ஒன்று உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது, அதுதான் அங்கே பாடம். நடத்தத் தொடங்கிய பிறகுதான், தான் அதுவரை வாத்தியாராகவே இருந்ததில்லை என்று அவருக்குப் புரிந்தது. இப்போது அதை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

காலையிலேயே கணக்கு வகுப்பு மணியடித்துவிட்டது. இலக்கண வகுப்பும் அடித்துவிட்டது. ஒவ்வொரு அடியும் அவர் மண்டையில் விழுந்தது.

"கேள்வியைச் சொல்லுங்க," என்றார் அம்மா.

"ஒரு சின்ன மரத்துல தோள் உயரத்துக்கு ஆணி அடிக்கிறோம். மரம் கூரைக்கு மேல வளர்ந்துருது. அப்போ ஆணி எங்கே இருக்கும்?"

"வந்தப்போ என்ன சொன்னாங்க?"

"மரம் வளர வளர ஆணியும் மேல போயிரும்னாங்க. உங்க விடையும் அதுதானே அம்மா."

"இப்போ?"

"அடிச்ச இடத்துலயே இருக்கும்கிறாங்க. ஒருத்தர் பாக்கி இல்லை."

"காப்பியோ?"

"தள்ளித் தள்ளி உட்கார வச்சேன். யாரும் யார் பக்கமும் திரும்பலை." "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சிருச்சு அம்மா."

"வருஷம் பூரா என்ன நடத்தினீங்க?"

"யார் சொன்னாலும் சரி, பார்க்காம நம்பாதீங்கன்னு நடத்தினேன்."

கீரையில் அம்மாவின் கை நின்றது.

"யாரையாவது கூப்பிடுங்க."

முத்துப்பேச்சி வந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். கண்கள் வீங்கியிருந்தன.

"ஆணி நகராதுன்னு உனக்கு யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. பார்த்தோம்."

"எங்கே?"

முத்துப்பேச்சி ஆவுடையப்பனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நீங்க தினமும் பை மாட்டுற வேப்பமரத்துலதாம்மா."

அம்மா எழுந்தார். மடியிலிருந்த கீரைத் தண்டுகள் சிதறின.

முற்றத்து வேப்பமரம் கல்லூரி தொடங்கிய அன்று ஓட்டு விளிம்பைக்கூட எட்டவில்லை. அன்று அம்மாவே ஒரு கருங்கல்லால் அந்த மரத்தில் ஆணி அடித்தார், தன் தோள் உயரத்துக்கு. இன்று கூரைக்கு மேலே அதுதான் கூரை. பட்டை ஆணியில் பாதியை விழுங்கிவிட்டது. மிச்சப் பாதியில் அம்மாவின் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா பையை எடுத்தார். மாட்டினார்.

மறுபடி எடுத்தார். மறுபடி மாட்டினார்.

கை தோளுக்கு மேலே போகவே இல்லை.

அம்மா அண்ணாந்து உச்சிக் கிளையைப் பார்த்தார். அவர் சொன்ன விடை சரியாக இருந்தால் பை அங்கேதான் எங்கோ தொங்க வேண்டும். தினமும் ஏணி போட்டு ஏற வேண்டும்.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேடியிருக்கேன்," என்றார் மெதுவாக. "என் வாத்தியார் சொன்னார். அவருக்கு அவரோட வாத்தியார் சொல்லியிருப்பார்."

பிறகு திரும்பினார்.

"நீங்க வகுப்பு நடத்துறது எங்கே ஆவுடையப்பன்?"

"இந்த மரத்தடியிலதான் அம்மா."

"ஒருநாள்கூட ஆணியைப் பார்க்கலையா?"

"உங்க விடையாச்சே. அதைப் போய்ப் பார்க்கணுமான்னு..."

"ஊருக்குத்தான் உபதேசம்," என்றார் அம்மா.

ஆவுடையப்பனுக்குத் தலை கவிழ்ந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் வேறொன்று பொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் வைக்க அவருக்குத் துணிவில்லை.

அம்மா முத்துப்பேச்சியைப் பக்கத்தில் அழைத்தார்.

"என் விடை வேறன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. முதல் நாளே சரின்னு போட்டுக் கொடுத்தீங்களே."

"மாத்தி எழுதினா ஐயா வகுப்பை மூடிருவாங்கன்னு?"

"அதுவும் தெரியும்மா."

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

முத்துப்பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நேத்துப் பூரா எல்லாரும் உட்கார்ந்து அழுதோம்மா. உங்க விடையை எழுதினா ஐயா இங்கேயே இருப்பாரு. ஆனா ஐயா நடத்துனது இருக்காதே."

சொல்லிவிட்டு விம்மி அழுதாள்.

எத்தனையோ வருஷம், எத்தனையோ கட்டு விடைத்தாள் திருத்தியவர் ஆவுடையப்பன். இப்படி ஒரு விடையை இதுவரை யாரும் அவருக்கு எழுதியதில்லை. மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"இருந்தாலும் அம்மா, சட்டம் சட்டம்தானே. குறைஞ்சா மூடணும். நான் நாளைக்குக் காலையில கிளம்பிடுறேன்."

அம்மா விறுவிறுவென்று முற்றத்தைக் கடந்தார். வெண்கல மணியின் கயிற்றைப் பிடித்தார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

இழுத்தார்.

காலையில் அடித்தவர்கள் அளவாக அடித்திருந்தார்கள். அம்மா அப்படி அடிக்கவில்லை. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. அறைகளிலிருந்து மாணவர்கள் ஓடி வந்தார்கள். சமையற்காரர் கரண்டியோடு வந்தார். அளவை வகுப்பு மாணவர்கள் மட்டும், துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒன்றும் புரியாமல் வாசலில் நின்றார்கள்.

கணக்கு வாத்தியார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"என்னம்மா? யாரு வகுப்பு ஜெயிச்சது?"

"நான் தோத்துட்டேன்," என்றார் அம்மா.

வீட்டில் பிள்ளை பிறந்த சேதியைச் சொல்பவர்போலச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஆவுடையப்பனை மணிக்கு அருகே அழைத்து வந்து, கயிற்றை அவர் கையில் வைத்தார்.

"எனக்குக் கை ஓஞ்சு போச்சு. நீங்க விடாம அடிங்க, ஐயா."